முதல் குளியல்

அன்று புக்கிட் பெருந்துங் வீட்டில் அப்பா, அம்மா, நான், சோலார் ஹீட்டர் பொருத்த பக்கத்து ஊரான ராசாவிலிருந்து வந்த வழுக்கைத்தலைப் பெரியவர், நால்வரும் இருந்தோம். சூரியன் மட்டும் வரவில்லை.

"வெயில் இல்லாட்டி தானாவே கரண்டுக்கு மாறிக்கும்பா," என்று கைப்பேசியில் படம் போட்டு விளக்கினேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி, சும்மா இருக்க முடியுமா? முட்டிவலியோடு விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளிக்கும் அப்பா, படத்தைப் பார்க்காமலே கைப்பேசியைத் திருப்பித் தந்தார்.

"சுடுதண்ணியா? நான் என்ன பிள்ளை பெத்தவளா?"

பொருத்தி முடித்த பெரியவர் கழுத்துத் துண்டை உதறினார். பொருத்தும் வீட்டிலெல்லாம் முதலில் தாமே குளித்துப் பார்ப்பது அவர் பழக்கமாம். தண்ணீர் சூடானதும் உள்ளே போனவர் பாடிக்கொண்டே வெகுநேரம் குளித்தார். ஆவி பறக்க வெளியே வந்தபோது அப்பாவின் சந்தன சோப்பு மணத்தது.

"என் சோப்பையா போட்டீங்க?"

"தண்ணி அவ்ளோ சுகம்ணே, கை தானா போயிருச்சு லா."

"என் வீட்டுச் சுடுதண்ணியில யாரோ முதல்ல குளிக்கிறதா!" என்று அப்பா துண்டோடு உள்ளே போனார். அதன்பிறகு பச்சைத்தண்ணீரை அவர் தொடவே இல்லை.

பெரியவர் வேண்டுமென்றே செய்தாரா, உண்மையிலேயே கசகசப்பில் குளித்தாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் விளக்கம் இலவசம். மற்றபடி மொத்தச் செலவு நாலாயிரத்து இருநூறு வெள்ளி, ஒரு சந்தன சோப்பு.