அக்காவுக்கு ஒரு ஸ்டியரிங்

ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ள என் அக்காவைக் கடைக்கு அழைத்துப்போய், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மாட்டுகிற முப்பரிமாணக் கண்ணாடியை அவள் தலையில் நானே கட்டிவிட்டேன். கட்டிவிட்டு, "எப்படிக்கா இருக்கு?" என்று வேறு கேட்டேன். என் முட்டாள்தனங்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். போட்டி பலமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கொடுக்கலாம்.

அக்கா புனேயில், போபோடிப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளைகள் கூரையைப் பிய்த்தாலும் கண்டுகொள்ள மாட்டாள். பக்கத்து சீட்டில் உட்காருகிற ஆள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறப்பேன். பாலத்து முனையில் வண்டியை ஓரங்கட்டி, "எறங்கு" என்பாள். அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போன நாட்கள் எனக்கு உண்டு.

பிறகு சர்க்கரை அவளுடைய இடது கண்ணைத் தின்றுவிட்டது. ஒரு கண் போனால் உலகம் பாதியாகத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். எல்லாமே தெரியும், எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் பிடிபடாது. டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினாள். மேசை முடிந்த இடத்துக்கு அப்பால் தட்டை வைத்தாள். ஒருநாள் காலி வேனைத் திருப்பும்போது கேட் தூணில் உரசிவிட்டாள். இறங்கிப் போய்க் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ளைங்க இருந்திருந்தா?" என்றாள். டாக்டர் சொல்வதற்கு முன்பே வேனை விற்றுவிட்டாள்.

அதன்பின் அவள் எந்த வண்டியிலும் முன்சீட்டில் உட்காரவில்லை. நான் குடியிருக்கிற கோந்த்வாவிலிருந்து காரில் போய் அழைத்து வந்தால், முன்னால் இடம் காலியாக இருக்க, பின்னால் போய் உட்கார்ந்து தன் மடியையே பார்த்துக்கொண்டு வருவாள். நான் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் திட்ட மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைப் போல வண்டி ஓட்டிக்கொண்டு, திட்டு வாங்காமல் ஒரு மனிதன் எத்தனை நாள் இருக்க முடியும்?

இந்தச் சமயத்தில்தான் ஆபீசில் ஒருவன், ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து லாரி ஓட்டுகிற கேம் ஒன்றைக் காட்டினான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்: அக்கா வீட்டுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர், அதுவும் உதிரிப்பாகங்கள் வாங்கி என் கையாலேயே பூட்டியது. ஏன் கையாலேயே என்றால், போபோடி சொந்தக்காரர்கள் கணக்கில் நான் கம்ப்யூட்டர் படித்தவன். செத்துப்போன பிரிண்டர்களையெல்லாம் என் மடியில் கொண்டுவந்து கிடத்துவார்கள். உண்மை என்னவென்றால், நான் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்கள் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் ஒன்றின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சோறு எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்கிற ஓட்டல் முதலாளி என்று என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

புதவார் பேட்டில் ஒரு சந்துக்குள் அந்தக் கடை. உள்ளே மராட்டியில் ஒரு பலகை: 'பொருளைத் தொடும் முன் கேட்கவும். கேட்கும் முன் யோசிக்கவும்.' கடைக்காரர் அந்தப் பலகைக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும், நாலு மணி வரை தூக்கம், யாருக்காகவும் மாறாது என்று எங்களை வரவேற்றார்.

நான் வாய்விட்டுப் பட்டியல் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அது அடிக்கடி நடப்பதில்லை.

முதலில் மதர்போர்ட். கறுப்புப் பலகையில் வெள்ளிக் கோடுகள், குட்டிக் குட்டிக் கட்டடங்கள், நாற்சந்திகள். ராத்திரி விமானம் லோஹ்காவில் இறங்கும்போது கீழே தெரிகிற புனேயை யாரோ மடக்கிப் பெட்டியில் போட்டுவைத்த மாதிரி. பிறகு பிராசஸர். மேரி பிஸ்கட்டைவிடச் சின்னது. கடைக்காரர் அதன் அடிப்பக்கத்தைக் காட்டினார்; ஊசி முனைப் பொன் புள்ளிகள் வரிசை வரிசையாக மின்னின. உள்ளே கோடி கோடியாக சுவிட்சுகள், ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாதது என்று நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். எதிரில் பார்த்தபோது, விளக்கியதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பியிருக்கவில்லை என்று தெரிந்தது.

"இத்தான் எஞ்சினா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"வேன்ல எஞ்சின் மேலயே உக்காந்துனு இருப்பேன், தொட வெந்துபூடும். இத்த மூக்குத்தி டப்பால போட்டுக்கினு போலாம் போல கீதே." பக்கத்தில் செங்கல் மாதிரி மூன்று காத்தாடிகளோடு கிடந்த கிராபிக்ஸ் கார்டைக் காட்டினாள். "அப்போ இது இன்னா?"

"அதுவும் எஞ்சின் மாதிரிதான். படம் வரையிறதுக்குன்னு தனியா."

"ஒரு வண்டிக்கு ரெண்டு எஞ்சினு! மைலேஜ் குடுக்குமாடா?"

அவ்வளவு பெரிய கார்டை நான் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மானிட்டருக்குப் பதிலாகத் தலையில் மாட்டிக்கொண்டு கேம் ஆடுகிற முப்பரிமாணக் கண்ணாடிக்கு ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை வரைய வேண்டும், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. அப்போதுதான் தூரம் தெரியும். அக்காவுக்குத் தொலைந்துபோனது தூரம். கண்ணாடி கொடுப்பது தூரம். இதைவிடப் பொருத்தமான பரிசு உண்டா என்று பூரித்துப்போய்த்தான் அவள் தலையில் வாரை இழுத்துக் கட்டினேன்.

அவள் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். மெதுவாகக் கழற்றினாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

"தம்பி, இதுல ரெண்டு கண்ணாடி கீது."

"ஆமாக்கா, அதுதான் விசேஷமே..." சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் வாய்க்கு பிரேக் கிடையாது. வாக்கியம் அதுபாட்டுக்கு ஓடி முடிந்தது.

அக்கா கடைக்காரர் பக்கம் திரும்பி மராட்டியில் கேட்டாள்: "எனக்கு ஒரு கண்ணுதான் வேலை செய்யுது. ஒரு பக்கத்தை மட்டும் பாதி விலைக்குக் குடுப்பீங்களா?"

அந்தப் பலகை மனிதரே தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் குனியக்கூடத் தோன்றவில்லை. அக்கா கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். அதிலும் குறி தப்பி, விளிம்பில் இடித்துவிட்டுத்தான் வைத்தாள்.

"வுட்றா. பொம்மை வண்டி எனக்கு இன்னாத்துக்கு? வா, போலாம்."

அவள் அந்தக் கடைப் படியைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மறுபடி கேட்டால் சிரித்து மழுப்புவாள்; அப்புறம் என் காரின் பின்சீட்டில் மடியைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவாள். ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு அகப்பட்டதெல்லாம், "அக்கா, டீ சாப்பிடலாமா?"

அது அவள் காதில் விழவில்லை. வாசல் பக்கத்தில் சாதாரண மானிட்டர் ஒன்றில், யாரும் ஓட்டாமலே ஒரு சாலை ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் போனதிலிருந்து எதைப் பார்த்தாலும் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தூரம் அளப்பாள். இப்போது சாய்க்கவில்லை.

"அந்த லாரி எவ்ளோ தூரத்துல கீது, சொல்லு?"

"ஒரு... மூணு கார் நிக்கிற தூரம்?"

"எனக்கும் அப்டித்தான் தெரியுது." என் பக்கம் திரும்பி, "உனக்கு ரெண்டு கண்ணுல தெரியறதுதான் எனக்கும் தெரியுதா?" என்றாள்.

தெரியும்தான். மானிட்டர் தட்டையான பொருள். அதன்முன் இரண்டு கண் உள்ளவனுக்கு எந்தச் சலுகையும் இல்லை. அவனும் சாலை குறுகுவதையும் லாரி சிறுத்துப்போவதையும் வைத்துத்தான் தூரத்தை ஊகிக்கிறான். உலகத்தில் என் அக்காவும் மற்ற டிரைவர்களும் சரிசமமாக நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது; அது அந்தக் கடையிலேயே மலிவான சரக்காக ஒரு மூலையில் கிடந்தது. நான் அதன் ஓரத்தில்தான் என் பையை மாட்டி வைத்திருந்தேன்.

அக்கா தானாகவே மேசைப் பக்கம் திரும்பி வந்தாள். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினோம். கண்ணாடி போனது, கண்ணாடிக்காக வந்த செங்கல் போய், அடக்கமான ஒரு கார்டு வந்தது. அதில் மிச்சமானது ஸ்டியரிங்குக்குப் போனது: உள்ளே மோட்டார் வைத்தது, குழியில் இறங்கினால் கையை உதறும். மானிட்டர் அகலமாக. காத்தாடிகள் சத்தம் போடாதவை, ஏனென்றால் அக்கா எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் கியர் மாற்றுவாள். கேபினெட்டில் மட்டும் நான் கொஞ்சம் அடம்பிடித்தேன். ஏழு நிறத்தில் ஓடி ஓடி எரிகிற ஒன்றின்மேல் எனக்குக் காதல்.

"கண்பதி மண்டல் பந்தல் கணக்கா கீது," என்றாள் அக்கா. "பத்து நாள் அழகா இருக்கும். அப்புறம் ஆத்துல கரைக்கணும்."

கறுப்புப் பெட்டி வாங்கினோம். எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே ஷட்டர் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் பெட்ஷீட் விரித்துப் பூட்ட உட்கார்ந்தேன். அவள் போனில் டார்ச் அடித்தாள். பிராசஸரை வைத்து அதன் கொக்கியை அழுத்தியபோது கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. உடையவில்லை. எந்தெந்த நாட்டிலோ, ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் செய்த துண்டுகள், மயிரிழை பிசகாமல் ஒன்றுக்குள் ஒன்று போய் 'டக்' என்று உட்கார்ந்தன. இதே வீட்டிலேயே அளவெடுத்து, இதே வீட்டிலேயே செய்த அலமாரிக் கதவு இன்றுவரை மூடுவதில்லை. ஒவ்வொரு டக்குக்கும் நான் அக்காவைப் பார்த்தேன். "மேல வேலையப் பாரு," என்றாள்.

எல்லாம் முடிந்து, பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"சாவி போட்டியாடா?"

"அக்கா, இது வேன் இல்ல, இதுக்குச் சாவியெல்லாம்..." என்றபடியே பின்பக்கம் தடவினேன். பவர் சப்ளையின் முதுகில் ஒரு சுவிட்ச், அணைந்த நிலையில். போட்டேன். காத்தாடிகள் மெல்லச் சுழன்றன. நான் பூட்டிய ஒரு பொருள் மூச்சுவிட்டது. நானா பூட்டினேன் என்று இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

மற்ற வேலைகள் முடியச் சாயங்காலம் ஆனது. சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங், அதற்கு இடப்பக்கம் கியர், கீழே பெடல், பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. பிரேக்கை மிதித்ததும் நாற்காலி பின்னால் வழுக்கியது. ஆகவே நான் தரையில் உட்கார்ந்து, முதுகைக் கட்டிலுக்குக் கொடுத்து, இரண்டு காலாலும் நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். கம்ப்யூட்டரில் கடைசியாகச் சேர்ந்த உதிரிப்பாகம் நான்தான்.

"பொம்மைதானே," என்று சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சாலையில் ஒரு மேடு வந்தது. ஸ்டியரிங் உதறியது. அவள் விரல்கள் இறுகின. நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கை தானாக மேலே போனது, வேனில் பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி. விரல் மானிட்டரின் விளிம்பில் முட்டி நின்றது. பிறகு கையை இறக்கி கியரைப் போட்டாள்.

சத்தத்தைக் கேட்டுக் கியர் மாற்றினாள். யாருமே இல்லாத திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டாள். எதிரே சிக்னல், அதில் ஒரு லாரி நின்றது. என் காலில் நாற்காலி மெல்ல அழுந்தியது. லாரியின் பின்னால், நிற்க வேண்டிய இடத்தில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். காலையில்கூட டீயை மேசையில் ஊற்றிய அதே கை.

எனக்கு ஏனோ இடது கண்ணை மூடிப் பார்க்கத் தோன்றியது. மூடினேன். அதுவரை சுவரில் மாட்டிய படமாக இருந்தது சட்டென்று ஜன்னலாகிவிட்டது. சாலை உள்ளே போனது. லாரிக்கு அப்பால் மரங்கள், மரங்களுக்கு அப்பால் மலை, அதற்கும் அப்பால் காற்று. இரண்டு கண்ணும் சேர்ந்து 'இது வெறும் மானிட்டர்தான்' என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஒற்றைக் கண்ணுக்கு அந்த வம்பெல்லாம் தெரியவில்லை. அக்கா ஆரம்பத்திலிருந்தே இந்தச் சாலையில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் தரையில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன்.

"அக்கா! ஒரு கண்ணை மூடினா ரோடு நிஜமாவே உள்ள போகுதுக்கா! ஜன்னல் மாதிரி! உனக்கு முதல்லேந்தே இப்படித்தான் தெரிஞ்சுதா?"

சிக்னல் பச்சையானது. அவள் திரும்பவில்லை.

"வண்டி ஓட்டச்சொல்லோ பேசாத."