இரண்டு தட்டு உப்பில்லாச் சோறு

பெரம்பலூர் வீட்டில் உப்பு ஜாடியை மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். அம்மாவின் கைக்கு எட்டாத உயரம். ஐம்பது வயதில் நாற்காலி மேல் ஏறி, மூச்சு வாங்க, பெற்றவளிடமிருந்து உப்பை ஒளித்து வைப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். உப்பு என்றாலே எனக்கு அம்மாதான்.

இதயம் களைத்துப்போய், காலில் தண்ணீர் கோத்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தேன். உப்பை அறவே குறைக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், எடை சட்டென்று ஏறினால் மறுபடி படுக்கைதான். அடுத்த முறை இவ்வளவு லேசாகத் தப்ப முடியாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

என்னைவிட இளைய டாக்டர் அவர். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“சின்ன வயசுல சாப்பாட்டுக்கெல்லாம் எப்படிங்கம்மா?”

“இருந்தா சாப்பிடுவோம் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “சுகர், பிரஷர், பரம்பரை மட்டும் இல்லங்க. சின்னதுல பட்ட பட்டினி, ஓயாத கவலை, இதெல்லாமும் பின்னாடி நெஞ்சுல வந்து நிக்கலாம். உங்களுக்கு அதனாலதான்னு சொல்ல முடியாது.”

கட்டிலின் கால்மாட்டில் அம்மா நின்றிருந்தாள். கடைசி வாக்கியம் அவள் காதில் ஏறவில்லை. ஊருக்குப் போய் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு, கீழப்பழுவூரில் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, எனக்குச் சமைத்துப்போட வந்துவிட்டாள்.

அவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா முந்திரி உடைக்கப் போவாள். தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து உரிந்திருக்கும். காலையில் அடுப்பு எரியாது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது நாலு கல் உப்பைக் காகிதத்தில் மடித்து என் பையில் போடுவாள். “பசிச்சா ஒன்ன நாக்குல வச்சிக்க. தண்ணி குடி. மணியடிச்சா சோறு போட்டுருவாங்க.” பாடம் நடக்கும், உப்பு கரையும், பசி கொஞ்சம் தள்ளி உட்காரும். மதிய மணிக்காகக் காத்திருந்த அந்த நேரம் முழுக்க நாக்கில் அம்மா இருந்தாள். பிற்பாடு எத்தனையோ தட்டுகளில் தேடியிருக்கிறேன். அந்த ருசி எதிலும் இல்லை.

ஜாடியை ஏற்றி வைத்தும் எடை ஏறியது. முதல் நாள் அரைக் கிலோ. மூன்றாம் நாள் இரண்டு கிலோ. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். நர்ஸ் மாத்திரையைக் கூட்டச் சொல்லிவிட்டு, “ஊறுகாயா, கருவாடாக்கா? மறைக்காம சொல்லுங்க” என்றாள். இரண்டும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறைதான். ஒன்று தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சோறு ருசித்தது. ருசிக்கிறதே என்று சந்தேகப்படாமல், இன்னொரு கை வாங்கித் தின்றேன். அந்த ஆசைக்கு என்ன பெயர் வைப்பது?

மறுநாள் சமையலறை வாசலில் போய் நின்றேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மடித்த காகிதம். கல் உப்பு. பார்க்காமலே கை எடுத்தது, பார்க்காமலே உலையில் போட்டது.

“அம்மா.”

திரும்பினாள். காகிதத்தை மறைக்கவில்லை.

“என்னைய ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடலாம்னு இருக்கியா?”

“வாய மூடுடி.” கரண்டியைக் கீழே வைத்தாள். “உப்பில்லாச் சோறு செத்தவங்களுக்குப் படைக்கிறது. உங்கப்பனுக்கு வருசா வருசம் அப்படித்தான் ஆக்கி வக்கிறேன். உசுரோட இருக்கிற புள்ளைக்கு அத எந்தக் கையால போடுவேன்?”

எங்கள் வீட்டுப் படையல் சோற்றில் உப்பு விழாது. அந்தச் சோற்றைத்தான் தினமும் மூன்று வேளை என் இலையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

“அந்த டாக்டரு தம்பி சொன்னாருல்ல” என்றாள். “பட்டினி போட்டதுதான் உன் நெஞ்சத் தின்னுடுச்சின்னு. உப்பக் குடுத்து அனுப்புனவ நாந்தானே.”

“உன்கிட்ட அதானே இருந்துச்சு. அதையும் நீ வச்சிக்கலையே, எனக்குத்தானே குடுத்த.”

“இருந்தா வேற குடுத்துருக்க மாட்டனா?”

“எனக்குத் தெரியாதா? கால்ல விழுந்த குழியப் பாரும்மா. இப்ப நீ குடுக்கிறதுதான் இப்படி நிக்குது.”

குனிந்து பார்த்தாள். எண்ணெயில் கறுத்த விரலால் என் கணுக்காலை அழுத்தினாள். குழி விழுந்தது. அது மேலேறும் வரை காத்திருந்தாள். ஏற நெடுநேரம் ஆயிற்று.

உலையை அப்படியே கவிழ்த்துவிட்டு வேறு அரிசி களைந்தாள். நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். சோறு வெந்ததும் கூப்பிட்டாள். தரையில் இரண்டு தட்டு. இரண்டிலும் ஒரே பானைச் சோறு, ஒரே கீரை. என்னைத் தொடவிடாமல் முதல் கவளத்தை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சுளித்தாள்.

“த்தூ. மண்ணு மாதிரி இருக்கு.”

“உனக்கென்னம்மா தலையெழுத்து? நீ உப்புப் போட்டுச் சாப்புடு.”

“உனக்கு மட்டும் வச்சாத்தான் அது படையலு. நானும் திங்கிறேன்ல? தின்னு.”

ஒரு வாரத்தில் எடை இறங்கியது. ஜாடி மேல்தட்டிலேயே இருக்கிறது, யாரும் தேடுவதில்லை. அம்மா முந்தானையில் இப்போது பஸ் டிக்கெட்டும் வெற்றிலையும்தான்.

நாக்கு மட்டும் கேட்பதில்லை. ஒவ்வொரு கவளத்திலும், கரையாமல் தப்பிய ஒரு கல்லாவது கிடக்காதா என்று துழாவுகிறது. எதிரே அம்மா, எழுபத்திரண்டு வயதில், எனக்காக ருசியில்லாமல் மென்றுகொண்டிருக்கிறாள். அவள் பார்க்கும்போது நான் வேகமாக விழுங்குகிறேன்.