மேசையில் நின்ற ட்ரோன்

கடையில் வாங்கிய சின்ன ட்ரோனே பன்வில மலைக்காற்றைச் சமாளித்துவிடும். ஆனால் அது உள்ளங்கையளவு என்பதால் விளம்பரப் படம் எடுக்கப் போகிற இடத்தில் யாருமே மதிக்கவில்லை. "புள்ளைங்க வெளையாடுறதுதானே?" என்பார்கள். எரிச்சலில் என் கூட்டாளி சினிமா கமெரா தூக்குகிற மாதிரி பெரிய ட்ரோன் ஒன்றைத் தானே கட்டினான். பறக்கவிட்டால் படமெல்லாம் நடுங்கியது.

ஒரு ஹோட்டல் விளம்பரத்துக்குப் போனபோது பெரியதை மேசையில் வைத்துவிட்டுச் சின்னதையே பறக்கவிட்டோம்.

"காத்து எப்படின்னு பாக்குறீங்களா?" என்றார் முதலாளி. கூட்டாளி தலையாட்டினான்.

மாலையில் சின்னது எடுத்த படத்தைப் பார்த்தவர், "பெரிய மெசின்னா பெரிய மெசின்தாங்க," என்று மேசையில் இருந்ததைத் தடவிக்கொடுத்தார். அடுத்த விளம்பரத்துக்கு இதைவிடப் பெரியது வேண்டுமாம்.

கூட்டாளி அதைக் கட்டிக்கொண்டிருக்கிறான், இந்த முறை மோட்டார் இல்லாமல்.