நூல்கண்டு மாட்டிய கம்பி

கார் சீட் தைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஊரே இதைச் சொல்லும்; ஊர் மறந்த நாளில் அவரே சொல்லிக்கொள்வார். முப்பது வருடமாகக் கார்களுக்குள் தவழ்ந்தவர், அடுத்த தெருக் கிடங்கில் கிடந்த ஒரு காரைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் அந்தக் காரின் பேச்சுதான்.

கிடங்கில் வயர் மாற்றப் போன சகலை, படுதாவைத் தூக்கிப் பார்த்தானாம். போர்க்காலத்துத் தளபதி ஒருவரின் கார் என்கிறார்கள். அந்த மாதிரியில் நாலைந்துதான் மிச்சமாம். பத்திரிகையில் வந்த சகலையின் படத்தை மனைவி கத்தரித்து அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். தலை சீவ நின்றால் அவன் மீசைதான் முதலில் தெரிந்தது.

“என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன கண்ணு பாருங்க.”

“எனக்கு இருக்கிறது மட்டும் என்ன, புண்ணா?”

அவர் வயிறு எரிந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கிடங்குக்காரர் அந்தக் காரின் சீட்டைக் காட்ட முதலில் கூப்பிட்டது அவரைத்தான். “இதுல எலிதான் குடித்தனம் பண்ணும். பழைய இரும்புக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவரின் கையோடு, முன்பக்க மட்கார்டில் ஆடிக்கொண்டிருந்த பித்தளைக் கம்பி ஒன்றும் வந்துவிட்டது. ஒரு முழ நீளம், நுனியில் குண்டு. தையல் மிஷினுக்கு மேலே நூல்கண்டுகள் இன்றைக்கும் அதில்தான் வரிசையாக மாட்டியிருந்தன.

வியாழக்கிழமை அருங்காட்சியகத்து அம்மாள் காரைப் பார்க்க வந்தபோது, குடும்பமே கிடங்கில் கூடியது. அம்மாள் மட்கார்டிலிருந்த ஓட்டையை விரலால் தடவினார்.

“கொடிக்கம்பி இங்கதான் இருந்திருக்கணும். அதோட அடியில தளபதியோட படைப்பிரிவு எண் அடிச்சிருக்கும். அது இல்லாம இது அவர் கார்தான்னு நான் எழுதித் தர முடியாது.”

சகலையின் முகம் தொங்கிப்போனது. சீட்காரருக்கோ உள்ளுக்குள் சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது. கம்பி பாட்டுக்கு நூலைத் தாங்கிக்கொண்டு கிடக்கட்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“உங்களுக்கு முன்னாடி யாராவது இதுல கை வெச்சாங்களா?” என்று அம்மாள் கேட்டார்.

“யாரும் தொட்டதே இல்லைம்மா. முதல்ல கண்டது நான்தான்,” என்றான் சகலை.

அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று கடைக்குப் போனவர், நூல்கண்டுகளோடு கம்பியை அப்படியே கொண்டுவந்து நீட்டினார்.

“யாரு தொடல? நான் தொட்டு பதினோரு வருஷம் ஆச்சு.”

அம்மாள் கண்டுகளை உருவிப் போட்டுவிட்டு, அடிப்பகுதியை முந்தானையால் துடைத்தார். எண் இருந்தது.

“அப்போ கழட்டிட்டுப் போனது நீங்கதானா, அண்ணே?” சகலை சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். “நல்ல நேரத்துல வந்து என்னைக் காப்பாத்திட்டீங்க.”

சிவப்பு நூல்கண்டு ஒன்று உருண்டு காருக்கு அடியில் போனது. குனிந்து எடுக்கும் சாக்கில் அவர் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் காரைக் கண்டெடுத்த சகலைக்கு அரைப்பக்கம். கடைசியில் இரண்டே வரி: பதினோரு ஆண்டுகளுக்கு முன் கொடிக்கம்பியைக் கழற்றிச் சென்ற சீட் தையல்காரர் அதைத் திருப்பித் தந்தார்.

“படிச்சியா? அவனுக்கு முன்னாடின்னு தெளிவா போட்டிருக்கான்,” என்றார் மனைவியிடம்.

“களவாணின்னும் தெளிவாத்தான் தெரியுது.”

அவர் காதில் அது விழவில்லை. அந்த இரண்டு வரியைக் கத்தரித்து, சரியாகச் சகலையின் மீசை மேல் வைத்து ஒட்டினார்.