வரிசையாக அடுக்கிய வயிற்றெரிச்சல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி ஆபீசில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ஸ்டேப்ளர்தான். இரண்டு காகிதம் அருகருகே கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. எடுத்து, மேஜையில் தட்டி, ஓரம் சேர்த்து, இடது மூலையில் ஒரு குத்து. போன வாரத்துப் பஸ் டிக்கெட்டோடு இந்த வாரத்து டிக்கெட்டைச் சேர்த்துக் குத்தி வைக்கிற மனுஷர். பழைய ஆடிட்டர் ஆபீசில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், ஆடிட்டர் கண்ணை மூடி, ஆபீசும் கதவை மூடின பிறகும் விடாமல் கூடவே வந்துவிட்டது.

தலை நரைத்த பிறகு வேலை தேடினால் யார் கொடுப்பார்கள்? சகலை கொடுத்தான். மனைவியின் தங்கை புருஷன். மருந்துகளைச் சூடு படாமல் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகிற குளிர்பெட்டிகளைச் செய்யும் ஸ்டார்ட்அப் ஒன்றை அவன் அப்போதுதான் ஆரம்பித்திருந்தான். "நம்ம ஆபீஸ்ணா. வந்து உக்காருங்க" என்றான். வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

சகலை கெட்டவனாக இருந்திருந்தால் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். படுபாவி, நல்லவனாக இருந்து தொலைத்தான். சம்பளத்தை நாள் தவறாமல் போட்டான். நாலு பேர் முன்னால் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டான். போதாக்குறைக்குத் தலை நிறைய முடி. மாமனார் வீட்டுக்குப் போனால் கிழவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உலகம் எங்க மாப்ளை போயிட்டிருக்கு?" என்று கேட்பார். இவரிடம், "மாப்ளை, கரண்ட் பில்லு ஏன் ஏறியிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பார். இவரும் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பழைய பில்லோடு சேர்த்துக் குத்தியும் கொடுப்பார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வீட்டில் இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லாத நாள் இருந்திருக்கிறது, 'தங்கச்சி வீட்டுக்காரர்' இல்லாத நாள் இருந்ததில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் காலையில் ஓடுகிறாராம். தங்கச்சி வீட்டுக்காரர் எதற்கும் டென்ஷன் ஆகமாட்டாராம். சொல்லும்போது மனைவியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணமான புதிதில்கூட அந்த வெளிச்சத்தை அவர் தன் பக்கம் பார்த்ததில்லை. வேறு எதற்கும் ஆசைப்படாத மனுஷர் அவர். ஒரே ஒரு தடவை அந்தப் பார்வை தன்மேல் விழவேண்டும், இல்லையென்றால் அவன்மேல் விழாமலாவது போகவேண்டும். இரண்டில் எது நடந்தாலும் சரி.

அப்படி இருக்கும்போதுதான் முதலீட்டாளர்கள் வந்தார்கள். பெரிய கம்பெனி. பணம் போடுவதற்கு முன்னால் டியூ டிலிஜென்ஸ் செய்யவேண்டும் என்றார்கள். சகலை எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினான். "வீடு வாங்கறவன் சுவரெல்லாம் தட்டிப் பார்ப்பான்ல, அது மாதிரி. நம்ம கம்பெனியைத் தட்டிப் பார்க்கப் போறாங்க. பதிவுப் பத்திரம், பங்கு விவரம், வேலை ஒப்பந்தம், வரி, வாடகை, எல்லாக் காகிதமும் டேட்டா ரூமுக்குப் போகணும். அண்ணாதான் பொறுப்பு."

ரூம் என்றதும் ஸ்டேப்ளர் ரூம் என்றே நினைத்துக்கொண்டார். உடைந்த பெட்டிகள் கிடந்த பக்கத்து அறையைக் காலி செய்து, பெருக்கித் துடைத்து, மேஜை போட்டு, வக்கீல்கள் வந்தால் உட்கார நாற்காலியும், குடிக்கத் தண்ணீர்க் கூஜாவும் வைத்தார். கதவில் 'டேட்டா ரூம்' என்று அட்டையும் ஒட்டினார். ஆபீஸ் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபோல்டராம். முதலீட்டாளரின் வக்கீல் எந்த ஊரில் இருந்தாலும் திறந்து பார்க்கலாமாம். சகலையும் சிரித்தான். அதோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் அதைச் சொல்லி இன்னொரு தடவை சிரித்தான். "கூஜா வெச்சார் பாருங்க, அதான் டாப்பு!" மாமனார் சிரித்தார். மச்சினி சிரித்தாள். மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாள் கணக்கில் அவர் வயிற்றில் கிடந்து புகைந்தது.

ஆனாலும் வேலை வேலைதான். வக்கீல் அனுப்பிய பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தீர்த்தார். கையெழுத்து விட்டுப்போன ஒப்பந்தங்களைக் கண்டுபிடித்து, ஆளைத் துரத்தி வாங்கினார். கோணலாக ஸ்கேன் ஆன பக்கங்களைத் திரும்ப ஸ்கேன் செய்தார். அப்படியே போய்க்கொண்டிருந்தவர் 'வாடிக்கையாளர் புகார்கள்' என்ற வரியில் வந்து நின்றார்.

போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பெட்டிகளில் மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் இறுகிப்போய், குளிர் கசிந்து, உள்ளேயிருந்த மருந்தெல்லாம் வீணானது. நல்லவேளை, யாருக்கும் செலுத்துவதற்கு முன்னால் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி கொதித்துப்போய் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு சகலையின் அறைக்குப் போனார்.

சகலை கதவைச் சாத்தினான். "இதை இப்ப போட வேண்டாம்ணா. 'பெரிய புகார் எதுவும் இல்லை'ன்னு ஒரு வரி போட்டுருங்க. கையெழுத்து ஆகட்டும், நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

"சரி தம்பி" என்றார் ஸ்டேப்ளர்.

நாற்காலிக்குத் திரும்பும்போது நடையே மாறியிருந்தது. அடேயப்பா! சகலையின் குடுமி கையில் வந்திருக்கிறது. ஒரு சொடுக்கு சொடுக்கினால் போதும், முதலீடும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பும் இல்லை. கம்பெனி போனால் தன் சம்பளமும் கூடவே போகும் என்பதை அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்தார். போகட்டும் என்றிருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்தார். புகாரை மட்டும் தூக்கிப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் தொட்டில் பழக்கம் விடுமா? ஒற்றைக் காகிதமாகப் போட அவருக்கு மனசு வரவில்லை, மொட்டையாக நிற்கிறதே என்றிருந்தது. புகாருக்குப் பின்னால் ரப்பரைச் சோதித்த அறிக்கையைச் சேர்த்தார். இறுகிப்போன ரப்பரின் படத்தைச் சேர்த்தார். பிறகு புது ரப்பரின் வரைபடம், அதைச் சோதித்த அறிக்கை, எல்லாப் பெட்டிகளையும் மாற்றிக் கொடுத்ததற்கு ஆஸ்பத்திரி போட்ட கையெழுத்து, கடைசியில் அதே ஆஸ்பத்திரி திரும்பவும் பெட்டி கேட்டு எழுதிய ஆர்டர். தேதி வாரியாக ஒரே பைலாகக் கோத்து, முதல் பக்கத்தில் பொருளடக்கமும் போட்டு, டேட்டா ரூமில் ஏற்றிவிட்டார். விஷத்தைக் கூடத் தட்டில் வைத்து, துணி போட்டு மூடிக் கொடுக்கிற ஆள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

இரண்டு நாள் கழித்துச் சகலை வெளிறிப்போன முகத்தோடு அவர் மேஜைக்கு வந்தான். "அண்ணா, அந்தப் புகார் பைல் டேட்டா ரூமுக்குப் போயிருக்கு. நேர்ல வந்து பேசணும்கறாங்க."

"பட்டியல்ல கேட்டிருந்தாங்களே தம்பி. கையோட கையாப் போயிருச்சு போல."

சகலை கத்துவான் என்று ஆவலோடு காத்திருந்தார். அவன் கத்தவில்லை. "உங்களைச் சொல்லி என்ன? மறைக்கச் சொன்னதே என் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான். சே, கவிழும்போது கூட நல்ல பேர் எடுத்துக்கொண்டு கவிழ்கிறானே என்று அதற்கும் எரிந்தது.

முதலீட்டாளர் அம்மாள் வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். சகலை, வக்கீல், ஸ்டேப்ளர் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மாள் பைலை அச்செடுத்தே கொண்டுவந்திருந்தார். அதைத் தட்டிச் சொன்னார்.

"தப்பு நடக்காத கம்பெனியை நான் பார்த்ததில்ல. எங்ககிட்ட வர்றவங்க பாதிப் பேர் மறைச்சுருவாங்க. மீதிப் பேர் குப்பை மாதிரிக் கொட்டிட்டு, நீயே பொறுக்கிக்கோன்னு விட்டுருவாங்க. என்ன கெட்டுச்சு, ஏன் கெட்டுச்சு, எப்படிச் சரி பண்ணோம்னு இப்படி அடுக்கிக் கொடுத்து நான் பார்த்ததே இல்ல. இதைப் படிச்ச அப்புறம்தான் மத்த பைலெல்லாம் நம்பினேன். நாங்க பணம் போடறோம்."

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துவிட்டது. சகலை ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது. "எங்க பழக்கமே அதுதான் மேடம். எதையும் மறைக்கக் கூடாதுன்னு முதல் நாளே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். சொல்லும்போது ஸ்டேப்ளர் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

நான்தான் போட்டேன் என்று கத்தலாம் போலிருந்தது. ஏன் போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி கட்டிலில் துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தங்கச்சி வீட்டுக்காரரின் நேர்மையைக் கேட்டே ஆகவேண்டும் என்று காதைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி எல்லாம் சொன்னா" என்றாள் மனைவி. "அவர் மறைக்கச் சொன்னாராமே? நீங்கதான் துணிஞ்சு போட்டீங்களாம். வேலை போயிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க? பயமாவே இல்லையா?"

நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணில் அந்த வெளிச்சம் இருந்தது. சந்தேகமே இல்லை, அதேதான். இவ்வளவு வருஷமாக வேறெங்கோ விழுந்துகொண்டிருந்தது, நேராக இவர் முகத்தில் விழுந்தது. 'நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல' என்று ஒரு வரி சொன்னால் போதும், ஆயுசுக்கும் அது இவருக்குத்தான். சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில், தண்ணீர் குடித்துவிட்டு 'எங்க பழக்கமே அதுதான்' என்று சொன்ன சகலையின் முகம் வந்து நின்றது. அவன் செய்ததையே தானும் செய்வதா? அவனைப் பார்த்துக் காப்பியடிப்பதா? செத்தாலும் முடியாது.

"நியாயமும் இல்ல, மண்ணும் இல்ல" என்றார். "அவன் கவிழணும்னு போட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "நம்ம சோத்துக்கும் சேர்த்தா?"

"ஆமா. தெரிஞ்சேதான் போட்டேன்."

"தன் மூக்கு அறுந்தாலும் பரவாயில்ல, எதிரிக்குச் சகுனத்தடை ஆனாச் சரின்னு."

அவள் கண்ணிலிருந்து வெளிச்சம் போய்விட்டது. போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, கையிலிருந்த சட்டையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முந்தாநாள் அவ போன்ல அழுதா. எல்லாம் போயிரும் போல இருக்குக்கான்னு. ஒண்ணும் ஆகாதுடி, தைரியமா இருன்னு ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னேன். போனை வெச்சேன். எனக்குன்னு ஒரு காபி போட்டுக் குடிச்சேன். ரொம்ப வருஷத்துக்கப்புறம் அவ்வளவு ருசியா இருந்துச்சுங்க."

ஸ்டேப்ளர் அவளையே பார்த்தார். தங்கச்சி வீட்டுக்காரர், தங்கச்சி வீட்டுக்காரர் என்று இத்தனை வருஷமாக அவள் எதை மென்றுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அடுத்து எடுத்த போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்தது. தங்கை. மனைவி எடுத்தாள். "என் கண்ணே! எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்று அவரைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்.

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல் என்று அவர் கையால் ஜாடை காட்டினார்.