கொட்டாஞ்சேனைக்குப் போன குக்கர்

இது நடந்தது போன வருடம், கொழும்பு வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறையும் ஒரு குட்டிக் குசினியும்தான் என் இருப்பிடம். அண்ணா குடும்பம் கனடாவுக்குப் போகும்வரை எல்லோரும் ஒரே ஃப்ளாட்டில் இருந்தோம். அவர்கள் போன பிறகு அவ்வளவு பெரிய வீடு எனக்கெதற்கு என்று இங்கே மாறினேன். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்டால் கோபம் வரும். என்னைப் பற்றி இவ்வளவும் தெரிந்தால் போதும்.

தனியாக இருப்பதில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது சமையல்தான். எங்கள் ஆட்களுக்கு அளவாகச் சமைக்கவே தெரியாது. யாராவது வந்தால் என்ன செய்வது என்று ஒரு பிடி அரிசி கூடப் போட்டே பழகிய கை. அந்த யாராவது இனி வரப்போவதில்லை என்பது மூளைக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரிய மாதக்கணக்கானது. அதுவரை மிஞ்சின சோற்றைத்தான் மறுநாளும் அதற்கு மறுநாளும் சாப்பிட்டேன்.

பிறகு ஒரு வீம்பில் கணக்குப் போட்டுச் சமைக்கத் தொடங்கினேன். பாதி வெங்காயம், அரைக் கத்தரிக்காய், ஒரு சுண்டு அரிசியில் கால்வாசி. சும்மா இருக்கிறேனே என்று அதை வீடியோ எடுத்து முகநூலில் ஒரு பக்கம் திறந்து போட்டேன். தனி ஆளுக்குச் சமையல், அவ்வளவுதான் விஷயம். மா டின்னில் போனைச் சாய்த்து வைத்து எடுப்பேன். முகம் காட்டுவதில்லை. கையும் குரலும் மட்டும்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தார்கள். போர்டிங்கில் இருக்கிற பெடியள், கட்டாரில் வாகனம் ஓட்டுகிற ஒரு தம்பி, மனைவியை இழந்த தெஹிவளை ஐயா ஒருவர். 'இன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது' என்று ஐயா எழுதுவார். 'நெருப்பைக் குறைக்கச் சொன்னேனே' என்று நான் திட்டி எழுதுவேன். வேலை முடிந்து வந்தால் நான் வாயைத் திறந்து கதைக்க ஆளில்லை. அதனால் அந்தப் பக்கம்தான் எனக்கு வீடு மாதிரி இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர்களில் ஒருவர் மட்டும் எதுவும் எழுதமாட்டார். குரல்தான் அனுப்புவார். கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா. பள்ளிக்கூடமொன்றில் தையல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கண் சரியில்லை, எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று ஒருதரம் சொன்னார். ஒவ்வொரு வீடியோவுக்கும் அவருடைய குரல் வரும். பின்னால் கோயில் மணியும் பஸ் ஹோர்னும் கேட்கும். 'மகள்' என்றுதான் தொடங்குவார். நான் எழுத்தில் பதில் போடுவேன், அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துச் சொல்லுமாம். குரல் அனுப்ப எனக்குக் கூச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் நான் வேலை செய்த கம்பெனி கொழும்புக் கந்தோரை மூடியது. ஒரு பார்மசிக்குப் பகுதிநேரக் கணக்கு எழுதி நாளை ஓட்டினேன். வாடகை வேறு கூடியது. அந்த நேரம் பார்த்து, சமையலறைச் சாமான்களை இணையத்தில் விற்கும் கடை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ், உங்கட பேஜ் பார்த்தனான். எங்கட அஃபிலியேட் புரோகிராமில சேருங்களேன்."

விஷயம் இதுதான். அவர்கள் எனக்கென்று ஓர் இணைப்பு தருவார்கள். அதை நான் வீடியோவின் கீழே போடவேண்டும். யாராவது அதை அழுத்தி உள்ளே போய்ச் சாமான் வாங்கினால் விலையில் ஒரு பங்கு எனக்கு. நான் எதையும் வாங்கத் தேவையில்லை, விற்கத் தேவையில்லை, சும்மா கைகாட்டினால் போதும். முதல் மாதம் பரீட்சார்த்தம். பிடித்தால் அதன் பிறகு கையெழுத்து.

எனக்கு நிபந்தனைகளை வாசிக்கும் வியாதி உண்டு. எல்லோரும் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டுப் போகும் இடத்தில் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கம்பெனியில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அன்றும் தேத்தண்ணியை ஆறவிட்டு வரிவரியாக வாசித்தேன். இணைப்பை அழுத்தியவர் ஒரு கிழமைக்குள் வாங்கினால்தான் என் கணக்கில் சேரும். சாமானைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்த பிறகுதான் பங்கு உறுதியாகும். ஒரு தொகை சேரும்வரை கையில் வராது. பங்கின் வீதத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பங்கு கிடைக்கிறது என்பதை நான் பார்வையாளர்களிடம் மறைக்கக்கூடாது.

இன்னொரு நிபந்தனை, நானோ என் முகவரியில் வசிக்கும் வேறு எவருமோ வாங்கினால் பங்கு இல்லை என்றது. அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். என் முகவரியில் வசிக்கும் வேறு எவரும்! இருந்தால் நான் ஏன் பாதி வெங்காயத்தை வைத்துக்கொண்டு வீடியோ எடுக்கிறேன்?

அழைத்த தம்பியைத் திருப்பிக் கூப்பிட்டு நீதிமன்றத்தில் கேட்பது போலக் கேள்வி கேட்டேன். பாவம், பொறுமையாகப் பதில் சொன்னார். ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தனி ஆளுக்கான சின்ன ரைஸ் குக்கர் அவர்களிடம் இருந்தது, ஆனால் திட்டத்தில் இல்லை. அதில் லாபம் குறைவாம். ஐந்து பேருக்கான குக்கர்தான் இருந்தது. ஆனாலும் பணம் தருவதில் ஒளிவுமறைவு இல்லை, விலக நினைத்தால் விலகலாம், என்னைக் கட்டிப்போடுகிற வரி எதுவும் இல்லை. பரவாயில்லை, சேரலாம் என்று முடிவெடுத்தேன். வாசிக்கத் தெரிந்தவள் என்ற திமிரும் கூட இருந்தது.

அந்தக் குக்கரை அனுப்பிவைத்தார்கள். அதில் ஒரு கைப்பிடிச் சோறு சமைத்துக் காட்டினேன். அடியில் கொஞ்சம் பிடித்தது, சுரண்டிவிட்டேன். 'ஆள் கொஞ்சம் பெரிசுதான், ஆனால் ஒருவருக்கும் சமைக்கலாம்' என்றேன். கீழே இருக்கிற இணைப்பில் வாங்கினால் எனக்கும் ஏதோ கிடைக்கும் என்றும் சொன்னேன். ஒரு வரி பொய் இல்லை.

நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை கணக்கைத் திறந்தால் 'ஓர் ஓடர்' என்று காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலி வீதிக்குப் போய் எனக்கு நானே ஒரு ஃபலூடா வாங்கிக் குடித்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. கனடாவில் அப்போது எல்லோரும் நித்திரை.

அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக் குரல் வந்தது.

"மகள், உங்கட குக்கர் வந்து சேர்ந்துட்டுது. நல்ல பெரிய பெட்டி. மேசையில வைக்க இடமில்ல, கட்டில்ல வெச்சிருக்கன். இப்ப சந்தோஷமா?"

அந்த 'சந்தோஷமா'வைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தனி ஆளுக்கு எதற்கு ஐந்து பேர் குக்கர் என்று என் வாயே கேட்கப் பார்த்தது. ஆனால் அதை விற்றவளே நான். விலாசம் கேட்டு எழுதினேன். அன்று பின்னேரமே மட்டக்குளி பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன்.

பெரிய வீதிக்குப் பின்னால், ஒட்டிக்கட்டிய வீடுகளின் வரிசையில் மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த அம்மா ஒல்லியாக, நீளமான சட்டை போட்டுக்கொண்டு நின்றார். என் முகத்தை அவர் கண்டதே இல்லை. நான் யாரென்று சொல்லத் தொடங்கும்போதே, "கையக் காட்டுங்க" என்றார். நீட்டினேன். வலது கைப் பெருவிரலடியில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு ஒன்று எனக்கு இருக்கிறது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்க தான். வாங்க மகள்" என்றார்.

என் கையை அப்படி யாராவது பிடித்து எவ்வளவு காலமோ. நான் வந்த கோபமே மறந்துபோனது, ஒரு நிமிஷம்.

அறைக்குள் ஒரு மேசை, தையல் மெஷின், மாதா படம், இரட்டைக் கட்டில். கட்டிலில் ஒரு பக்கம் தலையணை. மற்றப் பக்கம் உடைக்காத குக்கர் பெட்டி.

"அப்ப எங்க அன்ரி படுக்கிறனீங்கள்?"

"இந்தப் பக்கம். அது என்ட அக்காட பக்கம். அவ கண்ண மூடினதில இருந்து சும்மா தானே கிடக்குது."

பெட்டியைத் திறக்காததுதான் நல்லது, ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுக்காசும் வரும், நானே எல்லாம் செய்கிறேன் என்றேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தலையாட்டினார்.

"திருப்பிக் குடுத்தா உங்களுக்கு வாறது வராது தானே?"

நான் அசந்துபோனேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு விசாரித்திருக்கிறார். எந்த இணைப்பை அழுத்தினால் எனக்குச் சேரும், எப்போது சேரும், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கியிருக்கிறார். தன் பென்ஷனில். தன்னிடம் நல்ல சின்னச் சட்டி ஒன்று இருக்கும்போதே.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கென்ன விசரா அன்ரி? தேவையில்லாத சாமானை ஆரும் வாங்குவினமா?" என்று கத்தியே விட்டேன். முதல் தடவை ஒருவர் வீட்டுக்குப் போய்க் கத்துகிற ஆள் நான்.

அவர் கோபிக்கவில்லை. கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"மகள், நான் தனிய சாப்பிடுறதில்ல. சோத்தப் போட்டுட்டு உங்கட வீடியோவப் போடுவன். நீங்க கதைப்பீங்க, நான் சாப்பிடுவன். அக்கா போன நாளில இருந்து அப்படித்தான். இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு ஒன்டும் தரல்ல. நீங்க வாய் திறந்து கேட்டது இது ஒன்டு தானே."

தேத்தண்ணியைக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை நிபந்தனைகளையும் வாசித்தவள், இதை வாங்கப்போவது யார் என்று ஒருதரம் யோசிக்கவில்லை. குக்கர் தேவைப்பட்டவர்கள் கடைக்குப் போய் விலை பார்த்து வாங்குவார்கள். என் இணைப்பை அழுத்தப்போவது என்னில் பாசம் வைத்தவர்கள். எவ்வளவுக்கெவ்வளவு ஆளில்லாதவர்களோ, அவ்வளவுக்கவ்வளவு அழுத்துவார்கள். கம்பெனி என்னை ஏமாற்றுமா என்றுதான் நான் தேடினேன். கம்பெனி ஏமாற்றவில்லை. அது கேட்டது என் முகநூல் பக்கத்தை அல்ல, அந்தப் பாசத்தை. நானும் பங்கு பேசிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டியை எடுக்க ஆள் வருவதற்கு அங்கிருந்தே ஏற்பாடு செய்தேன். அவர் தடுக்கவில்லை. ஆனால் முகம் வாடிப்போனது.

"சரி மகள், உங்கட விருப்பம். அப்ப நான் என்ன தான் தாறது?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாடிப்படி வரை அவர் வரவில்லை.

அடுத்த நாள் கடைத் தம்பியிடம் வேண்டாம் என்று சொன்னேன். "சின்னக் குக்கரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டா மிஸ்?" என்றார். நல்ல பிள்ளை. அது காரணமில்லை தம்பி என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. இணைப்பை எடுத்தேன், வீடியோவை அழித்தேன். காசு திரும்பி வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டு எழுதினேன். வந்ததாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியது.

அதன் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து குரல் வரவில்லை. கிழமைகள் போயின. தெஹிவளை ஐயா எழுதினார், கட்டார் தம்பி எழுதினார், எனக்கு எதுவும் ஏறவில்லை. நான் செய்தது சரிதான். காசு மிச்சம், பொய் இல்லை, யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து தந்ததை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன் என்பதும் உண்மை. அந்த நாட்களில் என் அறை முன்னெப்போதையும் விடச் சின்னதாக இருந்தது. சமைத்ததைச் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் படுத்த நாளும் உண்டு.

ஒருநாள் சமைக்க ஒன்றும் தோன்றாமல் குசினியில் நின்றேன். தாங்கமுடியாமல் போனை எடுத்தேன். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு முதல்தடவையாகக் குரல் அனுப்பினேன்.

"அன்ரி, இண்டைக்கு என்ன சமைக்கிறதெண்டு தெரியேல்ல. நீங்களும் அக்காவும் என்ன சமைச்சுச் சாப்பிடுறனீங்கள்? ஒருக்காச் சொல்லுங்கோவன்."

பதில் வரப் பின்னேரமாகியது. நீளமான குரல். கீரிமீனும் மாங்காயும் போட்ட ஒரு குழம்பு. அக்காவுக்கு மாங்காய் கூட வேண்டும், தனக்குக் குறைய வேண்டும், அதில் வரும் சண்டை, எல்லாம் சொல்லி முடிக்கும்போது அவர் சிரிப்பது கேட்டது. கடைசியில், "ஆனா மகள், அளவு எல்லாம் ரெண்டு பேருக்குத் தான் தெரியும். ஒரு ஆளுக்கு நீங்க தான் குறைச்சுப் பார்க்கணும்" என்றார்.

நான் குறைக்கவில்லை. அவர் சொன்ன அளவிலேயே சமைத்தேன், அப்படியே வீடியோவில் போட்டேன். அன்று எனக்கு மிஞ்சியது. இப்போதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் சொல்லுகிற கறிதான், இரண்டு பேர் அளவில். அவர் அங்கே, நான் இங்கே, இரண்டு பேருமே தனியாகத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மிஞ்சுகிற அந்த இன்னொரு ஆளின் சாப்பாட்டை நான் வீணென்று நினைப்பதில்லை.