இரண்டு பித்தளைப் புள்ளிகள்

என் அத்தையை ஒர்க்‌ஷாப்புகளில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இருபத்துநாலு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ராணுவம் ஏலத்தில் விற்கிற பழைய லாரிகளின் எலக்ட்ரிக்கல் வேலையை மட்டும் அவர் பார்க்கிறார். அந்த லாரிகளில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து இருபத்துநாலு வோல்ட்டாக ஓட்டுவார்கள். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. காரை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், "பன்னெண்டு எனக்கு விளையாட்டுச் சாமான். பக்கத்துக் கடைக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்.

உண்மையில் அந்த லாரிகளுக்குத் தனிப் பொறுமை வேண்டும். ஒயர்கள் எல்லாமே கறுப்பு. எது எங்கே போகிறது என்பதை ஒயர் நுனியில் இருக்கும் சின்னத் தகர வளையத்தின் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது கூடவே சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான். "போதும், இதற்கு மேல் வேண்டாம்" என்று அதை அடக்குவதற்கு ஒரு ரெகுலேட்டர் உண்டு. சில வருடத்து லாரிகளில் அந்த ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு உள்ளேயே இருக்கும். சில வருடத்து லாரிகளில் வெளியே தனிப் பெட்டியாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆல்டர்னேட்டரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். முதுகில் ரிவெட் ஆணி அடித்த தகட்டில் உள்ள எண்தான் வித்தியாசம். அந்த எண்ணைப் படித்துத்தான் அத்தை ஒயர் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் அத்தையின் பயந்த சுபாவம் ஒரு நிரந்தரக் கேலிப் பொருள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். "என் தங்கச்சி கை வெச்ச வண்டியை நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்" என்பார். "திறந்துட்டே ஓட்டுண்ணா, எனக்கு ஒரே ஒரு அண்ணன்தான்" என்பார் அத்தை.

போன மாதம் அப்பா ஏலத்தில் ஒரு லாரி எடுத்தார். அதில் ஆல்டர்னேட்டர் செத்திருந்தது. அத்தை முன்பு வேலை பார்த்த பழைய சாமான் யார்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துவந்து மாட்டினார். அன்று பக்கத்துப் பள்ளியில் தேர்வு. இன்ஜினை அலறவிடக் கூடாது என்று வாத்தியார் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார். அதனால் அத்தை மெதுவாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். சார்ஜ் ஏறும்போது வர வேண்டிய அதே இருபத்தெட்டு வோல்ட். திருப்தியாக பானட்டை மூடினார்.

மறுநாள் காலை அப்பா சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை ஊருக்குக் கிளம்பினார். அங்கே இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க அம்மாவும் ஏறிக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்து சீட். அந்த லாரியில் இரண்டு பேட்டரிகளும் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன.

பத்து மணி இருக்கும். என் பையின் வார் அறுந்துபோயிருந்ததால் அத்தையின் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தேன். அத்தை ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, பித்தளை ரிவெட் ஒன்றை எடுத்து வாரில் வைத்து அடித்தார். ஒரு அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றுவிட்டது.

"இந்த ரிவெட்டை வேற யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. "தகட்டுக்கு எல்லாரும் அலுமினியம்தான் அடிப்பாங்க. நேத்து மாட்டினேனே, அதோட தகட்டுல ரெண்டு புள்ளி மஞ்சளா மின்னுச்சு. பார்த்தேன். பார்த்துட்டேதான் மூடினேன்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்து அப்பாவுக்கு அடித்துக்கொண்டே துண்டு துண்டாகச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த யார்டில் புதிதாகச் சேர்ந்த காலம். வாங்க வருகிறவர்கள் லாரிப் புத்தகத்தில் இருக்கும் எண் தகட்டில் இல்லை என்றால் தொடவே மாட்டார்களாம். ஓனர் ஆறு ஆல்டர்னேட்டர்களைக் காட்டி, செத்துப்போனவற்றின் தகட்டைப் பிடுங்கி இவற்றில் அடிக்கச் சொன்னார். 'எல்லாம் சுத்தினா கரண்ட்தானே வரும்' என்றாராம். அத்தை மறுக்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய பித்தளை ரிவெட்டுகளால் ஆறையும் அடித்துக் கொடுத்தார்.

"அப்போ அப்பா வண்டியில இருக்கறது?"

"அந்த ஆறுல ஒண்ணு. உள்ள ரெகுலேட்டர் இருக்குன்னு தகடு சொல்லுது. உள்ள ஒண்ணுமே கிடையாது. அதை நம்பி, வெளிப் பெட்டி வைக்காம நான் நேரா கரண்ட் கொடுத்திருக்கேன். மெதுவா ஓடினா அடங்கியிருக்கும். வேகம் எடுத்தா அடக்க ஆளில்ல. பேட்டரி கொதிக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "வெடிக்கவும் செய்யும்."

அம்மா அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அது அவர் கொள்கை. அம்மாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. நான் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். அத்தை, அப்பா எப்போதும் டீசல் போடும் பங்க்குக்கு அடித்தார்.

"வண்டி போய் அரை மணி ஆச்சேக்கா. மலை ஏறுற இடத்துல செக்போஸ்ட் இருக்கு. என் சகலைதான் அங்க கட்டையத் தூக்கி இறக்கிட்டு இருக்கான். நம்பர் தரவா?"

சகலை லேசில் மசியவில்லை. "சும்மா நிறுத்த முடியாதும்மா. என்ன, கடத்தல் சாமானா?"

"கடத்தல் இல்ல சார். பச்சை லாரி, மேல சிமெண்ட். அதோட ஒயரிங்கை நான் தப்பா பண்ணிட்டேன்."

"நீங்க யாரு?"

அத்தை ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். "எலக்ட்ரீஷியன். தப்பு என்னோடதுதான். தயவுசெஞ்சு நிறுத்துங்க."

அதற்குப் பிறகு பன்னிரண்டு நிமிடங்கள். அத்தை உட்காரவில்லை. டின்னில் இருந்த ரிவெட்டுகளை பெஞ்சில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் 'டிங்' என்று விழும்போது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன் அடித்தது. அப்பா.

"ஏன் பாப்பா, எதுக்கு என்னைத் திருடன் மாதிரி ஓரங்கட்ட வெச்சிருக்கே?"

"இன்ஜினை அணைண்ணா. அண்ணியை முதல்ல இறக்கு. பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது."

"இறங்கிட்டா, இறங்கிட்டா. என்ன விஷயம்?"

"மீட்டர் ஊசி எங்க நின்னுச்சு?"

"சிவப்புல. கடைசி வரைக்கும் போயிடுச்சே! நல்லா சார்ஜ் ஏறுதுன்னு உன் அண்ணிகிட்டகூடக் காட்டினேன்."

அத்தை அப்போதுதான் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டது கேட்டது. "சீட்டு தோசைக்கல்லு மாதிரி சுட்டுது. அழுகின முட்டை நாத்தம் வேற. உங்க அண்ணன் வேலைதான்னு வழியெல்லாம் திட்டிட்டே வந்தேன்."

"இப்பவாவது மன்னிப்புக் கேளு!" என்று பின்னால் அப்பாவின் குரல்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தை சிரிக்கவில்லை. கதவைத் திறந்து வைக்கவும், சூடு ஆறும் வரை பேட்டரி ஒயரைத் தொடாமல் இருக்கவும், பிறகு ஆல்டர்னேட்டரின் சின்ன பிளக்கை மட்டும் பிடுங்கவும் நிதானமாகச் சொன்னார். ஒரு பேட்டரி, பல்வலி வந்த கன்னம் மாதிரி வீங்கியிருப்பதாக அப்பா சொன்னார்.

"டீசல் இன்ஜின்தானே, சார்ஜ் இல்லாமலும் ஓடும். மூட்டையை அங்கேயே இறக்கிட்டு லைட் போடாம, வெளிச்சம் இருக்கும்போதே வந்துடு. ஹார்ன் அடிக்காத. அண்ணி பஸ்ஸுல வரட்டும்."

"சரி. ஆமா, உனக்கு இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

ஏதாவது ஒரு பொய் போதும். மீட்டர் ரிப்பேர் என்று சொல்லியிருந்தால்கூட அப்பா நம்பியிருப்பார். அத்தை சொல்லவில்லை. ரிவெட், யார்டு, ஆறு தகடு எல்லாவற்றையும் சொன்னார்.

"வந்து பேசுறேன்" என்றார் அப்பா. பாப்பா என்று சொல்லவில்லை.

நானாக இருந்தால் அந்த இடத்தில் ஓவென்று அழுதிருப்பேன். அத்தை காகிதத்தை எடுத்து ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதினார். அப்பா வண்டியில் இருந்ததற்காக ஒன்றை மட்டும் அடித்துவிட்டார். யார்டு ஓனருக்குப் போன் போட்டார்.

"எட்டு வருஷக் கதையை இப்ப எதுக்குமா கிளறுறே? உன் பேருதான் நாறும்."

"நாறட்டும் சார். யாருக்கு வித்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

சாயங்காலத்துக்குள் மூன்று கிடைத்தன. முதல் ஆள் நன்றி சொன்னார். இரண்டாவது ஆள் அத்தையை வாய்க்கு வந்தபடி திட்டினார். அத்தை "சரிங்க, ஆனா இன்னைக்கே பாருங்க" என்று மூன்று முறை சொன்னார், பூட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரியே. மூன்றாவது லாரி ஏற்கெனவே ஆல்டர்னேட்டரோடு சேர்த்து உடைத்து உருக்கப்பட்டுவிட்டது.

இருட்டுவதற்கு முன் அப்பா வந்தார், ஹார்ன் அடிக்காமல். கையில் அந்தத் தகடு இருந்தது. வழியில் நிறுத்திக் கழற்றியிருக்கிறார். அதை பெஞ்சில் வைத்தார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் வேலைன்னா நான் கண்ணை மூடிட்டு ஓட்டுவேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்."

"தெரியும்ணா."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"ரெண்டு. யார்கிட்ட இருக்குன்னு ஓனருக்கே தெரியல."

அப்பா காகிதத்தை வாங்கி சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். "லாரிக்காரங்ககிட்ட நான் கேக்கறேன். நீ இந்த வண்டியைத் திரும்பப் பாரு. இந்தத் தடவை நான் பக்கத்துலயே நிப்பேன் பாப்பா. எவன் பரீட்சை எழுதினாலும் வேகமா ஓடவிட்டுத்தான் பார்க்கணும்."

அந்த இரண்டும் இன்னும் கிடைக்கவில்லை. இதை எழுதச் சொன்னது அத்தைதான். "என்னை நல்லவளாக் காட்ட வேண்டாம். படிக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுது" என்றார். அதனால் இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி இருந்தால், தயவுசெய்து பானட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். அதில் மஞ்சளாக இரண்டு புள்ளிகள் மின்னினால் அந்தத் தகடு சொல்வதை நம்பாதீர்கள். வண்டியை எடுக்காதீர்கள். பேட்டரிக்கு மேல் உள்ள சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது இருபத்துநாலு என்று கேளுங்கள், என் அத்தையின் நம்பரைத் தருவார்கள். அவர் போனை எடுப்பார். இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.